எர்த் குடமும் ஒரு ராக் கச்சேரியும்

1. மெயினை இறக்கினேன்

மேடை ஓரத்தில் இருந்த டிபி பாக்ஸைத் திறந்து மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினேன். மேடை விளக்குகள் அணைந்தன. ஸ்பீக்கர்கள் ஊமையாகின. வாசித்துக்கொண்டிருந்த மூன்று பேரும் கருவிகளில் இருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார்கள். எதிரே புல்லில் உட்கார்ந்திருந்த கூட்டமும் என்னைப் பார்த்தது. அந்த அமைதியில், தோட்டத்தின் மறுகோடியில் என் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. எந்தக் குறையும் இல்லாமல், நூல் பிடித்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் நான் செய்த தவறு எனக்கு விளங்கியது.

நான் தேனியில் ஒரு வாடகை நிலையத்தில் ஜெனரேட்டர் ஆபரேட்டர். பெயர் பவுன்ராஜ். வீடு பழனிசெட்டிபட்டியில். படிப்பு பத்தாவது வரை. திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம், கடை திறப்பு என்று முப்பது வருடமாக ஜெனரேட்டரோடு போய் ஜெனரேட்டரோடு திரும்பி வருகிறேன். இந்த வேலையை நான் விடாமல் வைத்திருப்பதற்கு ஒரு காரணம், இதில் யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பது. நாலு பேர் ஒன்றாகப் பார்த்தாலே எனக்கு வாய் உலர்ந்துவிடும். மைக் செட் போடுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. ஜெனரேட்டர்காரன் கூட்டத்துக்கு எட்டாத தூரத்தில் இருப்பவன்.

எங்கள் முதலாளி தவமணி அண்ணன்தான் என்னை அங்கே அனுப்பினார். "ராக்கு கச்சேரியாம் பவுனு. கொச்சி, சென்னைல இருந்தெல்லாம் வர்றாக. நம்ம சவுண்டு செட்டு வேண்டாம்னுட்டாக, ஜெனரேட்டர் மட்டும் போதுமாம். போயி ஓட்டிட்டுப் பேசாம வந்துரு" என்றவர், ஒரு நொடி கழித்து, "பேசாம வர்றதுக்கு ஒன்னய விட்டா ஆளு ஏது" என்று சிரித்தார்.

இடம், கூடலூர் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு பண்ணை விடுதி. ராஜாங்கம் என்பவருடையது. முன்பு திராட்சைத் தோட்டமாக இருந்திருக்கிறது. பந்தல் கம்பியை எடுத்துவிட்டுக் கல்தூண்களை மட்டும் அப்படியே விட்டிருந்தார். அந்தத் தூண்களுக்கு நடுவே இரும்புக் கால்கள் வைத்து மேடை. பின்னால் சரிவாக ஒரு பெரிய பாறை. மேடைக்குப் பின்னால் திரை கட்டவில்லை. அந்தப் பாறையின் மேலேயே வெளிச்சத்தை அடித்தார்கள். ஒருவர் கண்ணாடித் தட்டில் எண்ணெயையும் சாய நீரையும் ஊற்றி, அதை புரொஜெக்டர் மேல் வைத்து மெதுவாக ஆட்டுவார். பாறை முழுவதும் நிறங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் ஊர்ந்து போகும். நான் எத்தனையோ சீரியல் செட் பார்த்தவன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

முதலில் வாசித்தவர்களிடம் பாட்டு என்று ஒன்றும் இல்லை. ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அதையே இழுத்தார்கள். பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அது ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த இழுத்த சத்தம் மெல்ல ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது, இறங்கியது.

டீசல் லைனில் காற்று புகுந்துவிட்டால் இன்ஜின் சீராக ஓடாது. ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். இதை நாங்கள் ஹன்டிங் என்போம். அப்போது வோல்டேஜும் சேர்ந்து ஏறி இறங்கும். விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயர்கள் ஒரு நிமிடத்தில் புகைந்துவிடும். ஹன்டிங் கேட்டால் முதலில் மெயினை அணைத்து லோடை இறக்கு, பிறகு காரணத்தைத் தேடு. இது எங்கள் தொழிலில் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. கை தானாகச் செய்யும். அன்றைக்கும் என் கை தானாகச் செய்தது.

ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றிருந்தால் மீட்டரைப் பார்த்திருப்பேன். மேடைப் பக்கம் நின்றதால் காதை மட்டும் நம்பினேன்.

2. ஒட்டிய டேப்

சவுண்டு இன்ஜினியர் ஒரு பெண். நீது என்று பெயர், கொச்சிக்காரர். முப்பது வயது இருக்கும். மிக்ஸர் மேசையில் இருந்து கூட்டத்தைத் தாண்டி ஓடி வந்தார். எனக்கு விளக்கம் சொல்ல வரவில்லை. "ஹன்டிங்... இன்ஜின் ஹன்டிங்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. "சேட்டா, அது எங்க சிந்த் கீபோர்டோட சவுண்டு. வேணும்னுதான் அப்படி வாசிக்கறாங்க. இனி எந்த சத்தம் கேட்டாலும் அது எங்களோடது, கேட்டோ? இதை மட்டும் தொடவேண்டா, ப்ளீஸ்" என்றார். மெயினை ஏற்றிவிட்டு, இடுப்பில் தொங்கிய கறுப்பு டேப்பைக் கிழித்து சுவிட்சின் கைப்பிடி மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார்.

கூட்டத்தில் நம் ஊர்ப் பையன்களும் கொஞ்சம் பேர் இருந்தார்கள். "ஏலே, ஜெனரேட்டர் மாமாவுக்கு டான்ஸ் பாட்டு போடுங்கப்பா, ஒறங்கிட்டாரு" என்று ஒருவன் சத்தம் கொடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனாலும் என் காது சூடாகிவிட்டது.

ராஜாங்கம் என்னைத் தூண் மறைவுக்கு அழைத்துப் போனார். "என்ன பவுனு இப்பிடிப் பண்ணிட்ட? எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்காக. அங்கன எஞ்சினு பக்கத்துல போயி ஒக்காரு. இங்கன வராத" என்றார்.

அவர் சொல்லாமலே நான் போயிருப்பேன்.

3. குடம்

நான் எதற்காக மேடைப் பக்கம் போனேன் என்பதை இங்கே சொல்ல வேண்டும். வேடிக்கை பார்க்கப் போகவில்லை. குடத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.

மேடையில் கரன்ட் எங்காவது கசிந்தால் அது மண்ணுக்குள் இறங்கிப் போக ஒரு வழி வேண்டும். அதற்காக இரும்பு எர்த் ராடு ஒன்றை மண்ணில் அடிக்கிறோம். மண் ஈரமாக இருந்தால்தான் அது வேலை செய்யும். மார்க்கையன்கோட்டை வயல் பக்கம் என்றால் ராடை அடித்துவிட்டு மறந்துவிடலாம். கூடலூர் மலையடிவாரம் அப்படி இல்லை. ஒரு அடிக்குக் கீழே பாறை. அதுவும் மாசி மாதம், காற்று வேறு.

இப்படிப்பட்ட இடங்களுக்கு நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். ராடு அடித்த குழியில் உப்பும் கரியும் போட்டு, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கட்டித் தொங்கவிடுவோம். குடத்தின் அடியில் சின்ன ஓட்டை, அதில் துணித்திரி. சிவன் கோயிலில் லிங்கத்தின் மேல் சொட்டுகிற மாதிரி தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு குடம் ஒரு மணி நேரத்துக்கு வரும். மணிக்கு ஒரு தடவை நிரப்ப வேண்டும். யாரும் எழுதி வைத்த விதி இல்லை, ஆனால் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

அன்று குடம் மேடைக்கு வலது பக்கத் தூணில் தொங்கியது. ஆறு மணிக்கு நிரப்பினேன். ஏழு மணிக்கு நிரப்பினேன். நிரப்பிவிட்டு இரண்டு நிமிடம் நின்று கேட்டேன். அப்போதுதான் மெயினை இறக்கியது.

எட்டு மணிக்குப் போக வேண்டும். வாளியில் தண்ணீர் பிடித்துத் தயாராக வைத்திருந்தேன். ஆனால் மேடைப் பக்கம் போக வேண்டுமென்றால் அத்தனை பேரையும் தாண்டிப் போக வேண்டும். அந்தப் பையன் மறுபடி ஏதாவது சொல்வான். ராஜாங்கம் பார்ப்பார். இரண்டாவது குழு வாசித்து முடிக்கட்டும், இடைவேளையில் கூட்டம் எழுந்ததும் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடைவேளை வந்தது. கூட்டம் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தது. இன்னும் அதிகப் பேர் மேடைப் பக்கம் இருந்தார்கள். மறுபடி வாசிக்க ஆரம்பித்து எல்லோரும் உட்காரட்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

இப்படித்தான் வாளி என் காலடியிலேயே இருந்தது.

உட்கார்ந்த இடத்தில் இருந்து பாறையும் அதன் மேல் நகரும் நிறங்களும் தெரிந்தன. மேடை தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. மூன்றாவது குழு சென்னைக்காரர்கள் என்றார்கள். அவர்களும் ஒரே சத்தத்தைத்தான் பிடித்தார்கள். ஆனால் கேட்கக் கேட்க அதற்குள் சின்னச் சின்ன மாற்றங்கள் நடப்பது தெரிந்தது. ஒன்று கனமாகும், ஒன்று விலகும், தூரத்தில் இன்னொன்று சேரும். எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. இரவெல்லாம் ஒரு இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் சத்தத்தில் எது மாறுகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பதுதானே முப்பது வருடமாக என் வேலை. பாட்டு வராத கச்சேரியை நான் ரசித்துக் கேட்டேன் என்று வீட்டில் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

4. இறங்கிய சத்தம்

ஒன்பது மணி இருக்கும். அவர்கள் இழுத்த சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் சேர்ந்தது. ஈ பறக்கிற மாதிரி, கனமாக, விடாமல். எர்த் சரியில்லாத மைக் செட்டில் வருமே, அந்த ஹம்மிங்.

முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது. பிறகு சந்தேகத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. எந்தச் சத்தம் கேட்டாலும் எங்களுடையது என்று நீது சொல்லியிருக்கிறார். இதையும் வேண்டுமென்றே செய்கிறார்களோ என்னவோ. போதாததற்கு, கிட்டார் வாசிக்கிறவர் அந்த ஹம்மிங்கோடு ஒட்டி வாசிக்க ஆரம்பித்தார். கூட்டம் கைதட்டியது. சரி, அவர்களுடையதுதான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் பாறைக்குப் பெரிய ஃபோகஸ் விளக்குகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டார்கள். லோடு ஏறியதும் என் இன்ஜின் ஒரு நொடி தணிந்து, வேகத்தைச் சீராக்கும் கவர்னர் பிடித்ததும் மறுபடி நிமிர்ந்தது. எந்த இன்ஜினும் அப்படித்தான் செய்யும். ஆனால் மேடையில் இருந்து வந்த ஹம்மிங்கும் அதே நொடியில் தணிந்தது. அதே நொடியில் நிமிர்ந்தது.

மனிதர் வாசிக்கிற சத்தம் என் இன்ஜினோடு சேர்ந்து தணியாது. அது என் ஜெனரேட்டரின் கரன்ட். ஸ்பீக்கருக்குள் வந்திருக்கிறது என்றால், போகக்கூடாத எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

மீட்டரைப் பார்த்தேன். ஒரு ஃபேஸில் மட்டும் ஆம்பியர் கொஞ்சம் கூடியிருந்தது. வாளியை எடுக்கவில்லை. டெஸ்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். கூட்டத்தின் நடுவேதான் போனேன். யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாது.

மேடையில், கிட்டார் வைத்திருந்தவர்தான் பாடவும் செய்தார். செருப்பு போடவில்லை. மைக்குக்கு வாயைக் கொண்டுபோனவர் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். முன்வரிசையில் இருந்தவர்கள் உற்சாகமாகி அதே மாதிரி தலையை வெட்டி ஆடினார்கள். அது ஆட்டம் இல்லை. ஷாக் அடித்த ஆள் எப்படித் தலையை இழுப்பார் என்பது எனக்குத் தெரியும்.

மேடையின் இரும்புக் காலில் டெஸ்டரை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. தூணைப் பார்த்தேன். குடம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. காலிக் குடம்தான் அப்படி ஆடும்.

கிட்டாரின் இரும்பு எங்கள் எர்த்தில் சேர்ந்திருக்கிறது. மைக் மட்டும் மிக்ஸர் வழியாக விடுதியின் இபி லைன், அதாவது மின்வாரிய லைன் எர்த்தில் சேர்ந்திருக்கிறது. எங்கள் எர்த் உலர்ந்துவிட்டதால் கசிந்த கரன்டுக்கு மண்ணுக்குள் இறங்க வழியில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒயராக நிற்பது அந்த கிட்டார் பையன். உதட்டில் பட்டால் உதறிவிடலாம். கையால் மைக்கைப் பிடித்துவிட்டால் கை விடாது. அவர் கிட்டாரில் இருந்து வலது கையை எடுத்து மைக்கை நோக்கி நீட்டினார்.

டேப்பைக் கிழித்தேன். மெயினை இறக்கினேன்.

5. கேட்ட கேள்வி

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பின்னால் இருந்து ஒரு பெரிய "ஊ" வந்தது. நீது வரும்போதே முகம் சிவந்திருந்தது. ராஜாங்கம் அவருக்கு முன்னால் வந்துவிட்டார். "ஒனக்கு என்னதான்யா ஆச்சு? தவமணிக்குப் போன போடு. வேற ஆள அனுப்பச் சொல்லு" என்றார்.

டெஸ்டரை நீட்டிக் காட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. கரன்டை நான் நிறுத்திவிட்டேன். இனி டெஸ்டர் எரியாது. காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. பேசித்தான் ஆக வேண்டும், அதுவும் அத்தனை பேர் பார்க்க.

நீதுவைப் பார்த்தால் பேச்சு வராது என்று தெரிந்தது. மேடையில் நின்ற பையனைப் பார்த்தேன். "தம்பி, மைக்குல வாய் வச்சப்ப ஒதட்டுல சுருக்குனு இருந்துச்சா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டேன்.

அவர் நீதுவைப் பார்த்தார், தன் ஆட்களைப் பார்த்தார். கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"ஆமாண்ணே" என்றார். "மூணு தடவ. கடைசியா அடிச்சது பல்லு வரைக்கும் போச்சு."

நீது அவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருப்பார். அவர் தமிழிலேயே பதில் சொன்னார்: "எல்லாரும் கைதட்டிட்டு இருந்தாங்க. நிறுத்தக் கூச்சமா இருந்துச்சு."

அதற்குப் பிறகு யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தோம். விளக்குக்குப் போகிற கேபிள் ஒன்று மேடையின் இரும்புக் காலுக்கு அடியில் மாட்டி, தோல் நசுங்கிச் செம்பு தெரிந்தது. ஆட்டம் ஏற ஏற மேடை அசைந்து அதை அறுத்திருக்கிறது. அந்த லைனைக் கழற்றி எறிந்தேன். வாளியைக் கொண்டுவந்து குழியில் ஊற்றினேன், குடத்தை நிரப்பினேன். மெயினை ஏற்றி, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்பைப் போட்டுப் பார்த்தேன். முழு வெளிச்சத்தில் எரிந்தது. எர்த் பிடித்துவிட்டது.

ராஜாங்கம் என் தோளில் கை போட்டார். "ஒரு உசுரக் காப்பாத்திட்டியேப்பா" என்றார், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி. அப்படியே விட்டிருக்கலாம். அங்கே யாருக்கும் குடத்தைப் பற்றித் தெரியாது.

நீது அந்தக் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சேட்டா, இது எதுக்கு?" என்றார். சொன்னேன். மணிக்கு ஒரு தடவை ஊற்ற வேண்டும் என்பதையும் சொன்னேன். பிறகு, "எட்டு மணிக்கு நான் ஊத்தல. எல்லாரும் பாப்பாகன்னு வர வெக்கமா இருந்துச்சு. தப்பு என்னோடதுதான்" என்றேன்.

ராஜாங்கத்தின் கை என் தோளில் இருந்து இறங்கியது. நீது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து டிபி பாக்ஸுக்கும் குடத்துக்கும் நடுவே போட்டார். "இனி இங்கேயே இருங்க. எல்லாரும் பாக்கட்டும்" என்றார். கைப்பிடியில் தொங்கிய மிச்ச டேப்பையும் உரித்து எடுத்தார்.

நிகழ்ச்சி முடிகிற வரை அந்த நாற்காலியில்தான் இருந்தேன். முகத்தில் பச்சையும் சிவப்பும் ஊர்ந்தன. கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. பத்து நிமிடம் வரைக்கும் அது பெரிய விஷயமாக இருந்தது. அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அவர்கள் கேட்க வந்தது அந்தச் சத்தத்தை.

6. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் டிபி பாக்ஸில் ஷாக் அடித்தால் தானே விழுகிற ஈஎல்சிபி உண்டு. மழைக்காலத்தில் சும்மா சும்மா விழுகிறது என்று எப்போதோ அதை பைபாஸ் செய்திருந்தோம். செய்தது நான்தான், செய்யச் சொன்னது அவர். அன்று மாலையே எல்லா பாக்ஸிலும் பைபாஸை எடுத்துவிட்டோம். இப்போது மழையில் விழுந்தால் ஏன் விழுந்தது என்று தேடுகிறோம்.

காது இந்தத் தொழிலில் பெரிய கருவி. ஆனால் காது கேட்டதை மீட்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். மேடைக் காலுக்கு அடியில் கேபிள் போகிறதா என்று குனிந்து பாருங்கள். மேடைக்கும் மிக்ஸருக்கும் கரன்ட் ஒரே இடத்தில் இருந்துதான் வர வேண்டும். குடத்துக்கு மணிக்கு ஒரு தடவை தண்ணீர். இவை எல்லாம் சொல்லித் தரக்கூடியவை, ஒரு வாரத்தில் பழகிவிடும்.

எனக்குப் பழக அதிக நாள் ஆனது வேறொன்று. அன்று மேடையில் ஒருவருக்கு ஷாக் அடித்தது. வெளியே சொல்ல அவருக்குக் கூச்சம். மேடைக்குப் பக்கத்தில் குடம் காய்ந்தது. வந்து ஊற்ற எனக்குக் கூச்சம். நசுங்கிய கேபிளை விடப் பெரிய ஃபால்ட் அதுதான்.

இப்போது எந்த இடத்துக்குப் போனாலும், தொடங்குவதற்கு முன்னால் மேடைக்குப் போகிறேன். போன வாரம் தேவதானப்பட்டியில் ஒரு கோயில் கச்சேரி. பாடகி, தவில்காரர், நாதஸ்வரக்காரர் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வாய் உலரத்தான் செய்தது. ஆனாலும் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன்: "நீங்க என்ன வேணா வாசிங்க, பாடுங்க, அது ஒங்க சத்தம். மைக்குல லேசா சுருக்குனு இருந்தா மட்டும் பாட்ட நிறுத்திட்டு என்னயக் கூப்புடுங்க. அங்கன, குடத்துக்குப் பக்கத்துல இருப்பேன்."